தையல் பீரியட்

பாளையங்கோட்டை ஹவுசிங் போர்டில், எங்கள் சி பிளாக்கின் தரைத்தளத்து மூன்றாம் வீட்டில், மத்தியானம் மூன்று மணிக்கும் மூன்று மணி ஒரு நிமிடத்துக்கும் நடுவே நாற்பது நிமிடம் சும்மா கிடக்கிறது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவள் தங்கபுஷ்பம். அதையும் அவள் அறிவைக் கொண்டு கண்டுபிடிக்கவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனதால் கண்டுபிடித்தாள்.

அது ஆனி மாதம், குற்றாலத்துச் சாரல் வழிதவறி வந்து எங்கள் கொடித்துணிகளை நனைத்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை. அந்த மூன்றாம் வீட்டில் தனியாகக் குடியிருப்பவர் ஆவுடைநாயகி டீச்சர். பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் தையல் டீச்சராக இருந்து, அந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்ற டீச்சர்கள் ஒன்று டியூஷன் எடுப்பார்கள், இல்லையென்றால் காசி ராமேசுவரம் என்று கிளம்புவார்கள். இவர் என்ன செய்தார் என்றால், ஒரு காடாத்துணியில் சிவப்பு நூலால் சங்கிலித் தையல் போட்டு, 'கைவேலை வகுப்பு, தினமும் மூன்று மணி, மனசு சரியில்லாதவர்களும் வரலாம்' என்று எழுதி வாசலில் மாட்டிவிட்டார். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம், ஏனென்றால் மனசு சரியில்லை என்று யார்தான் வெளியில் சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைவார்கள்?

டீச்சருக்குக் கைவேலை மேல் இருந்தது ஆசை இல்லை, பைத்தியம். ஏழு வயதில், சாக்கு மூட்டை தைத்த சணலை உருவி, ஒடிந்த குடைக்கம்பியின் முனையைக் கல்லில் தேய்த்து வளைத்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே வீட்டுச் சொம்புக்கு ஒரு சட்டை பின்னிப் போட்டவர். பத்து வயதில் அவருடைய அப்பா அம்மை கண்டு படுத்திருந்தபோது, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து இருபத்தொரு நாள் நிறுத்தாமல் பின்னிக்கொண்டே இருந்ததில், அப்பாவின் முனகல் ஊசி ஏறி இறங்கும் தாளத்துக்கு வந்து, அந்தத் தாளத்திலேயே தூங்கியும் போனதைக் கண்ணால் கண்டவர். கையில் வேலை ஓடினால் உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்துகொள்கிறது என்பது அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோயிற்று, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அவர் தையல் டீச்சரே ஆனார்.

ஆனால் தையல் பீரியட் என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அட்டவணையில் இருக்கும், வகுப்பில் இருக்காது. பிள்ளைகள் நூலும் ஊசியும் எடுத்து வைத்து, டீச்சர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஒரு பூ வரைந்து, அந்தப் பூவுக்கு மூன்றாவது இதழ் போடுவதற்குள் வாசலில் ஹெப்சிபா டீச்சர் வந்து நிற்பார். ஹெப்சிபா டீச்சர் கணக்கு டீச்சர். நெடுநெடுவென்று உயரம், கஞ்சி போட்ட சேலை, ஒரு மடிப்புக் கலையாது. நிலைப்படிக்கு வெளியேதான் நிற்பார், ஒருநாளும் உள்ளே கால் வைக்கமாட்டார். "டீச்சர், இன்னும் ரெண்டு பாடம் பாக்கி கெடக்கு, இந்த பீரியட நான் எடுத்துக்கிடட்டா?" என்பார். "எடுத்துக்கோங்க டீச்சர்" என்பார் ஆவுடைநாயகி டீச்சர். ஒரு தடவை இல்லை, ஒரு வருடம் இல்லை, முப்பத்தொரு வருடம் அவர் கேட்க, இவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பலகையில் இரண்டு இதழுக்கு மேல் பூத்த பூவை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். வகுப்புக்கு வந்தவர்கள் மூன்றே பேர். முதல் ஆள் தங்கபுஷ்பம், இரண்டாம் மாடி, இட்லிமாவு அரைத்து விற்பவள். திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து வேர்த்து ஊற்றும், மூன்று தடவை ஈசிஜி எடுத்தும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஒன்றுமில்லாததற்கு ஏன் இப்படி அடிக்கிறது என்று அவளுக்கு இன்னும் படபடப்பு. இரண்டாவது, மேலப்பாளையத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த ஜைனம்பு அக்கா. மகனை பைக் விபத்தில் கொடுத்து இரண்டு வருடமாகிறது, அவன் சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்து மடிப்பார், வைப்பார், மறுபடி எடுத்து மடிப்பார். மூன்றாவது சுடலைமுத்து அண்ணாச்சி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வலது கட்டைவிரல் மட்டும் ஓய்வு பெறவில்லை, பேசும்போதும் சாப்பிடும்போதும் அது இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே இருக்கும்.

தங்கபுஷ்பம் சும்மா எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் வந்தாள். டீச்சர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கொரு குரோஷா ஊசியையும் ஒரு நூல்கண்டையும் கொடுத்து, ஒரு வளையம், அதற்குள் இன்னொரு வளையம், தப்பாகப் போனால் பிரித்துக்கொள்ளலாம், இங்கே பிரித்தால் யாரும் திட்டமாட்டார்கள் என்றார். அவ்வளவுதான் பாடம். பின்ன ஆரம்பித்ததும் வெளியே சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன, முதலில் ஆட்டோ, பிறகு எதிர்வீட்டு டி.வி., பிறகு காற்று. ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவரில் இறக்கையை விரித்த காகம் விரித்தபடியே நின்றது, கொடியில் தொங்கிய சேலையின் முந்தானையிலிருந்து கழன்ற ஒரு சொட்டுத் தண்ணீர் தரைக்கு வராமல் பாதி வழியில் வெயிலை வாங்கிக்கொண்டு மினுங்கியது, தரையில் விழுந்த ஜன்னல் வெளிச்சம் எந்தத் தள ஓட்டில் இருந்ததோ அந்த ஓட்டிலேயே படுத்துக்கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு மறுபடி வளையத்துக்குள் வளையம் போட்டார்கள், ஏனென்றால் கையில் வேலை இருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் ஏன் விழவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"பீரியட் முடிஞ்சிட்டு" என்றார் டீச்சர். அவருக்குக் கடிகாரம் வேண்டியதில்லை, நாற்பது நிமிடம் என்றால் எவ்வளவு என்பது அவர் முதுகெலும்புக்கே தெரியும். அப்போதுதான் தங்கபுஷ்பத்துக்குப் பால் ஞாபகம் வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் இரண்டு மாடி ஏறி ஓடினாள், கருகிய பாத்திரத்தையும் கணவனின் வசவையும் சேர்த்துக் கற்பனை செய்துகொண்டே ஓடினாள். போய்ப் பார்த்தால் பால் இன்னும் ஆடைகூடக் கட்டவில்லை. அடுப்பைச் சிம்மில் வைக்காமல் வந்திருந்தாள், சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று ஒன்று, அவள் கையிலோ நான்கு விரல் நீளத்துக்குப் பின்னல். கொஞ்ச நேரம் அந்தப் பாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் வேண்டுமென்றே பாலை வைத்துவிட்டு வந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரே வாரத்தில் சி பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது, அடுத்த வாரம் ஏ, பி, டி எல்லாம் தெரிந்துகொண்டன. ஆச்சரியப்பட்டவர்கள் கொஞ்சம்பேர்தான், மற்றவர்கள் உடனே அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டோம். கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதையே ஒத்துக்கொண்டவர்கள் நாங்கள், ஒரு நிமிடத்துக்குள் நாற்பது நிமிடம் வருவதை ஒத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்! குழாயில் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள், குக்கரில் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் வந்தார்கள், தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அது திரும்பி வருவதற்குள் வந்துவிட்டுப் போனார்கள். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் கண்ணுக்கு அவர்கள் உள்ளே போனதும் செருப்பை மறந்தவர்கள் மாதிரி உடனே வெளியே வருவார்கள், கையில் இருக்கும் பின்னல் மட்டும் வளர்ந்திருக்கும், முகம் நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகமாக இருக்கும்.

கணவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்லப்போகிறார்கள், அவர்கள் வீட்டு நேரத்தில் ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லையே.

உடம்பு மட்டும் இந்தக் கண்கட்டுக்கு ஏமாறவில்லை. உள்ளே இருந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் நகம் வளர்ந்தது, பசி எடுத்தது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எட்டு மணிநேரம் என்றால் எந்த எட்டு மணிநேரம் என்று குழம்பினார்கள். ரம்ஜான் மாதத்தில் ஜைனம்பு அக்காவின் நோன்பு ஊரில் எல்லோருடைய நோன்பையும்விட நாற்பது நிமிடம் நீளமாக இருந்தது. "பள்ளியில கேட்டியளாக்கா, அதுக்கு என்ன சட்டம்?" என்று தங்கபுஷ்பம் கேட்டதற்கு, "படைச்சவனுக்குத் தெரியாமயா இந்த ரூமு நிக்கி? அவன் பாத்துக்கிடுவாம்மா" என்றார் அக்கா. அந்த மாதத்தில்தான் அவர் ஒருநாள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மகனின் சட்டைகள். "டீச்சரம்மா, இத வெட்டணும். நானே வெட்டுதேன்" என்றார். கத்தரிக்கோலை வாங்கி, நீலக்கட்டம் போட்ட சட்டையின் முதுகில் வைத்து, வெகுநேரம் வைத்தபடியே இருந்து, பிறகு வெட்டினார். ஒட்டுப்போட்ட போர்வை ஒன்று அவர் மடியில் அங்குலம் அங்குலமாக விரிந்தது. அழவும் செய்தார், அந்த அழுகை முடியும்வரை அழுவதற்கு அங்கே நேரம் இருந்தது.

சுடலைமுத்து அண்ணாச்சியின் கட்டைவிரல் ஊசிக்கு நூல் தள்ளக் கற்றுக்கொண்டு, டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர், கேள்விப்பட்டு, தூக்க மாத்திரை எழுதும் சீட்டில் 'தினம் ஒரு பீரியட், மூன்று மணி' என்று எழுதிக்கொடுத்து நான்கு பேரை அனுப்பினார். பதினெட்டுப் பேராகி, ஹால் நிறைந்து, குளியலறை வாசல்வரை உட்கார்ந்தார்கள். யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பார்கள். ஆவுடைநாயகி டீச்சரின் முகத்தில் முப்பத்தொரு வருடம் நாங்கள் பார்க்காத ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. "கெடங்குல போட்ட நெல்லு எங்க போவும்? அவங்ககிட்டருந்து எடுத்துக்கிட்ட பீரியடெல்லாந்தான் ஒண்ணொண்ணா திரும்பி வருது" என்று அண்ணாச்சி சொன்னதை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

நடுவில் ஒரு கோச்சிங் சென்டர்க்காரர் வந்தார். இன்ஜினீயர் படிப்புக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு தினம் நாற்பது நிமிடம் கூடுதலாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்று கண்கள் விரியக் கேட்டார், கரும்பு தின்னக் கூலியா என்று அவராகவே சிரித்தும் கொண்டார். டீச்சர் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் விழிக்க, மனிதர் மறுநாளே பத்துப் பிள்ளைகளையும் ஒரு கணக்குப் புத்தகக் கட்டையும் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார். புத்தகத்தைத் திறந்த மறுகணம் காகம் பறந்தது, சொட்டு விழுந்தது, நேரம் எல்லா வீட்டிலும் ஓடுவதுபோல அங்கேயும் ஓடியது. அவர் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கணக்கு உள்ளே வந்தால் இந்த அறை இடம்கொடுக்காது என்று அன்றைக்கு எங்களுக்கு ஒரு சட்டம் தெரிந்தது.

தை மாதம் பிறந்து பத்தாம் நாள், கிருபா என்ற ஒரு பெண் டீச்சரைத் தேடி வந்தாள். ஹெப்சிபா டீச்சரின் மகள்.

"அம்மைக்கு பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு டீச்சர். கம்பு ஊணி நடக்காங்க. கையும் கொஞ்சம் தேவல. பேச்சுதான்..." என்று நிறுத்தினாள். "நம்பர் மட்டும் சொல்லுதாங்க. தண்ணி வேணும்னா பதினேழுங்காங்க. என்னைப் பாத்து நாப்பத்தி ரெண்டுங்காங்க. வேற ஒரு சொல்லு வரமாட்டேங்கு. கைக்கு வேலை குடுங்கன்னு டாக்டர் சொல்லுதாரு. உங்ககிட்ட கூட்டிட்டு வரட்டா?"

டீச்சருக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது, இதை மறைப்பதற்கில்லை. இத்தனை வருடம் கணக்கு கணக்கு என்று என் பூவைப் பாதியில் அழித்தாயே, கடைசியில் உன்னிடம் கணக்கு மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் வெட்கம் வந்து காது இரண்டும் சுட்டது. "நாளைக்கு மூணு மணிக்குக் கூட்டிட்டு வா" என்று வேகமாகச் சொல்லிவிட்டு, அந்த வேகத்தில் கோச்சிங் சென்டர்க்காரர் விஷயத்தை மறந்துபோனார்.

மறுநாள் ஹெப்சிபா டீச்சர் வந்தார். மகள் கட்டிவிட்ட சேலை, கஞ்சி போடாதது, ஒரு பக்கமாக இழுத்துக்கிடந்தது. நிலைப்படியில் வந்து வழக்கம்போல் நின்றார். ஆவுடைநாயகி டீச்சர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். ஊசியைக் கொடுத்தார், அது மடியில் கிடந்தது. பக்கத்தில் ஜைனம்பு அக்கா போர்வை ஓரத்துக்கு வளையங்களை எண்ணி, தப்பாக எண்ணி, பிரித்து, மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். ஹெப்சிபா டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "இருபத்தி மூணு" என்றார். அக்கா எண்ணிப் பார்த்தார், இருபத்திமூன்றுதான். எட்டு மாதமாக ஒரு எண்ணும் ஒரு பொருளோடு ஒட்டாமல் வாயிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்த அந்த அம்மாவுக்கு, முதல் தடவையாக ஒரு எண் இருக்கவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. கோணிய வாயில் சிரிப்பு வந்தது. அடுத்தவரைப் பார்த்தார், "பதினொண்ணு" என்றார், அதுவும் சரி. அவருடைய இடது கை மெல்ல மடியில் கிடந்த ஊசியை எடுத்தது. கிருபா சுவரில் சாய்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே காகம் பறந்துவிட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. பீரியட் முடிந்து வெளியே வந்தால் மணி மூன்று நாற்பது, ஏழு வீட்டில் பால் பொங்கி, மூன்று வீட்டில் குக்கர் கருகி, படிக்கட்டெல்லாம் தண்ணீர் வழிந்து, தொட்டில் பிள்ளைகள் அத்தனையும் வீறிட்டுக்கொண்டிருந்தன. தங்கபுஷ்பத்தின் கணவன் லிங்கதுரை, ஆட்டோவை நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்தவன், புகை நிறைந்த அடுக்களையில் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றான். அவன் என்னவெல்லாம் பேசினான் என்பது மூன்று பிளாக்குக்கும் கேட்டது, அதை இங்கே எழுதுவதற்கில்லை.

மறுநாள் ஹெப்சிபா டீச்சர் வரவில்லை, நாற்பது நிமிடமும் சமர்த்தாக ஒரு நிமிடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்கு மறுநாள் வந்தார், நேரம் ஓடியது. பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. ஐந்து மணிக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார் டீச்சர். தனியாக உட்காரவைத்தால் ஹெப்சிபா டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எண்ணுவதற்கு ஆட்கள் இல்லை, கை அசையவில்லை.

வெள்ளிக்கிழமை பீரியடில், ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் பேசினார்கள்.

"அந்தம்மா பாவந்தான், இல்லன்னு சொல்லலை. ஆனா கணக்கு இந்த ரூமுக்கு ஆவாதுன்னு நமக்குத் தெரியும்லா டீச்சர்? ஒரு ஆளுக்காக பதினெட்டு பேரு பொழப்பு கெட்டுப்போவுமே" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி.

தங்கபுஷ்பம் அழுதேவிட்டாள். "எக்கா, டீச்சர், நான் கெட்டவ இல்ல. எங்க வீட்டுல எனக்குன்னு அஞ்சு நிமிஷம் கேட்டா குடுக்கமாட்டாவ. கேக்கவே பயமா இருக்கும், கேக்கணும்னு நெனச்சாலே நெஞ்சு அடிக்கும். இங்ஙன நான் யாருகிட்டயும் கேக்கல, அதுவா கெடச்சுது. அதையும் எடுத்துட்டீங்கன்னா எனக்கு மறுபடி அந்தப் படபடப்பு வந்துரும்."

ஆவுடைநாயகி டீச்சர் அவளைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே நடுவானில் நிற்கும் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அதிசயம் அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவருடைய பீரியடை யாரும் வந்து வாங்கிக்கொண்டு போகாமல் இருந்த ஏழு மாதம் அது. ஹெப்சிபா டீச்சரை வேண்டாம் என்று சொல்வதற்கு அவருக்கு இருந்த உரிமை இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

"எனக்கும் கோவம் உண்டு" என்றார் கடைசியில். "ரொம்ப உண்டு. அவங்க கேட்டப்பல்லாம் நான் எடுத்துக் குடுத்தேன். ஒருநாளாவது இல்லைன்னு சொல்லிருக்கலாம், வாய் வரல. எனக்குப் பயம். தங்கபுஷ்பம் சொல்லுதாளே, அதே பயந்தான். யாருகிட்டயும் கேக்காம, யாருக்கும் தெரியாம, இந்த ஒரு நிமிஷத்துக்குள்ள நாம ஒளிஞ்சுக்கிட்டு இருக்கோம். சொகமாத்தான் இருக்கு. ஆனா 'மனசு சரியில்லாதவங்களும் வரலாம்'னு நான் வாசல்ல தச்சுப் போட்டிருக்கேன். வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டு, உள்ள உக்காந்து நான் என்னத்தப் பின்ன?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "திங்கக்கிழமை மூணு மணிக்கு ஹெப்சிபா டீச்சர் இங்க இருப்பாங்க. நானும் இருப்பேன். வாரவங்க உங்க நேரத்தக் கொண்டுட்டு வாங்க."

வெளியே வந்தபோது மணி மூன்று ஒன்று. அதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சிலர் வாசலில் நின்று அந்தக் காகம் பறப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சனியும் ஞாயிறும் வகுப்பு நடக்கவில்லை, சி பிளாக் ஒரு கல்யாண வீடு முடிந்த மறுநாள்போல ஓய்ந்துகிடந்தது. திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஹாலில் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு டீச்சர்களும். கிருபா அம்மாவை விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். கடிகாரம் டிக் டிக் என்று ஓடியது, சேலையிலிருந்து சொட்டுகள் தங்குதடையில்லாமல் விழுந்தன. ஹெப்சிபா டீச்சர் காலியாகக் கிடந்த பாய்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "பூஜ்யம்" என்றார்.

"ஆமா டீச்சர்" என்றார் ஆவுடைநாயகி டீச்சர். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட ஒரு வேலையை, கிடைத்த ஏழாம் மாதம் தன் கையாலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டோமே என்றிருந்தது அவருக்கு.

மூன்று ஐந்துக்கு ஜைனம்பு அக்கா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "மருமவகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். நாலு மணிவரைக்கும் என்னைத் தேடாதன்னு" என்றார், ஏதோ வெளிநாடு போகிறவர்போல. மூன்று எட்டுக்குச் சுடலைமுத்து அண்ணாச்சி யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, "சும்மா வீட்டுல உக்காந்து என்ன செய்ய" என்று சுவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு ஒருத்தர், இருவர். ஒரு பெண் தொட்டில் பிள்ளையை இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு வந்தாள். "ஆறு" என்றார் ஹெப்சிபா டீச்சர், "ஏழு" என்றார். பதினெட்டு வரவில்லை, பாதி வந்தது. கடைசியாக, மூன்று பன்னிரண்டுக்கு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி தங்கபுஷ்பம் வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அடுப்ப அணைச்சிட்டு வந்துட்டேன்" என்றாள். "அவிய மேல படுத்திருக்காவ. சொல்லலை."

"உக்காரு" என்றார் டீச்சர்.

பின்ன ஆரம்பித்தார்கள். சத்தங்கள் எதுவும் கழன்று விழவில்லை. ஆட்டோ போனது, டி.வி. அலறியது, பிள்ளை மூக்கை உறிஞ்சியது, வெளிச்சம் ஒரு ஓட்டிலிருந்து அடுத்த ஓட்டுக்கு நகர்ந்தது. ஹெப்சிபா டீச்சர் எல்லோருடைய வளையங்களையும் எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டே, நடுங்கும் இடது கையால் தனக்கும் ஒரு வளையம் போட்டு, அது அவிழ்ந்து, மறுபடி போட்டார். தங்கபுஷ்பத்துக்கு மட்டும் வளையங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்தன. அவள் காது படிக்கட்டில் இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

அந்த வகுப்பின் கதவை அதுவரை யாரும் தட்டியதில்லை, தட்டுவதற்கு வெளியே இருந்தவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. தட்டிய கையே கதவைத் தள்ளியும் திறந்தது. லிங்கதுரை, தூங்கி எழுந்த கண்ணோடு, நிலைப்படிக்கு வெளியே நின்றான். "ஏட்டி, டீ எங்க? மனுசன் எந்திரிச்சு எவ்வளவு நேரமாச்சு? எந்திரி, வா."

பத்து ஊசிகளும் நின்றன. தங்கபுஷ்பம் நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டு, கையூன்றி, பாதி எழுந்துவிட்டாள். ஆவுடைநாயகி டீச்சர் வாயைத் திறந்தார், ஆனால் நிலைப்படியில் ஒருவர் வந்து நின்று கேட்டால் என்ன சொல்வது என்று முப்பத்தொரு வருடம் பழகிய அந்த ஒரே வார்த்தைதான் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லிவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வாசலுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஹெப்சிபா டீச்சர் கம்பை ஊன்றி எழுந்தார். எழுவதற்கு வெகுநேரம் ஆனது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், லிங்கதுரையும் பார்த்துக்கொண்டு நின்றான். நின்றதும் அவர் பழைய உயரம் திரும்பி வந்தது. சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். மூன்று இருபத்தைந்து.

"பதினஞ்சு" என்றார் அவனிடம். கோணிய வாய் இன்னும் எதையோ தேடியது, கழுத்து நரம்பு புடைத்தது, கம்பு தரையில் தடதடவென்று ஆடியது. "பதினஞ்சு... நிமிசம்... இருக்கு. பீரியட் முடியல."

லிங்கதுரை கடிகாரத்தை எட்டிப்பார்த்தான். பிறகு திரும்பிப் போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். தங்கபுஷ்பம் உட்கார்ந்து நூலைக் கையில் எடுத்தாள்.